கிளெனிஸ் அண்ணி சண்டை போடும் நேரம்

என் அண்ணன் மெர்வும் அண்ணி கிளெனிஸும் வீட்டுக்குள் சண்டை போட்டு நான் பார்த்ததே இல்லை. ஆனால் படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள கேரவன் வண்டியைக் காருக்குப் பின்னால் மாட்டிச் சாலையில் இறங்கினால் அண்ணிக்கு என்னதான் ஆகுமோ! ஒரு மணி நேரம் வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி அமைதியாக வருவாள். திடீரென்று ஒன்றுமில்லாத விஷயத்தைப் பிடித்துக்கொண்டு காட்டுக் கத்தல் கத்துவாள். கொஞ்ச நேரத்தில் தானே அடங்கிவிடுவாள். இது என்ன ரகம் என்று தெரியாமல் எனக்கு மண்டை குடைந்தது.

நாத்தனார் புத்தி என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். இரண்டு கல்யாணம் பண்ணி இரண்டையும் கோர்ட்டில் முடித்துக்கொண்டவள் நான். முப்பது வருஷமாக ஒரே முன் சீட்டில் உட்கார்ந்து போகிற ஜோடி எப்படித்தான் குப்பை கொட்டுகிறது என்று பார்க்க எனக்கு ஆசை இருக்காதா? பின் சீட்டில் ஒரு பக்கம் தலையணை மூட்டை, இன்னொரு பக்கம் மடக்குத் தொட்டில், நடுவில் நான். தெற்கு ஆஸ்திரேலியாவில் எங்கள் ஊர் கடீனாவிலிருந்து மேற்குக் கரையிலிருக்கிற பெர்த் வரைக்கும் வேடிக்கை பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வேலையும் இல்லை.

அண்ணி பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை பார்த்தவள். சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு, அதனால் லைசென்ஸ் கிடையாது. ஸ்டீயரிங்கைத் தொட்டதே இல்லை. ஆனால் பயணம் முழுக்க அவள் கையில்தான். எங்கே டீசல், எங்கே தண்ணீர், இருட்டுவதற்குள் எங்கே போய் நிற்க வேண்டும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. மாநில எல்லைச் சாவடியில் பூச்சி பரவும் என்று பழம் காய்கறியைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று, முந்தின நாளே எங்களை உட்கார வைத்து ஒரு பை ஆப்பிளையும் தின்று தீர்க்க வைத்தாள். மெர்வுக்கு ஓட்டத் தெரியும், எங்கே போகிறோம் என்று தெரியாது. தனியாக விட்டால் நேரே போய்க் கடலில்தான் நிற்பான்.

பெர்த்தில் அவர்கள் மகள் டெம்சினுக்கு இரட்டைக் குழந்தை பிறக்கப்போகிறது. அவள் இருப்பது ஒற்றை அறை வீடு. அவள் வீட்டு வாசலில் கேரவனை நிறுத்தி, அதிலேயே ஆறு மாசம் தங்கிப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. கேரவன் போய்ச் சேர்ந்தால்தான் அந்தப் பெண்ணுக்கு ஆள் துணை. போய்ச் சேருமா என்பதுதான் கேள்வி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூன்று பெட்டி கோத்த ரோட் ட்ரெய்ன் லாரி ஒன்று இவர்களை முந்திப் போனபோது, அந்தக் காற்றில் பழைய கேரவன் ஆடி, காரையும் இழுத்துக்கொண்டு குப்புற விழுந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்குப் போன மெர்வின் தைரியம் திரும்பி வரவே இல்லை. புது கேரவன் வாங்கியும் கடற்கரைக்கும் வீட்டுக்குமாகத்தான் இழுத்துக்கொண்டிருந்தான். நெடுந்தூரம் இதுதான் முதல் தடவை. எனக்கோ இத்தனை பெரிய வண்டியை ஓட்ட வராது. அவன் கை விட்டால் எல்லாம் விட்டது.

மரமே இல்லாத நல்லர்பார் சமவெளியில் ஏறியதும் முதல் சண்டை.

"ஏய் மெர்வ், நேத்து பாஸ்டியில கேரட் போட்டிருந்தேன், தெரியுமா?"

மெர்வின் காது சிவந்துவிட்டது. எங்கள் ஊரில் மாட்டிறைச்சியும் கிழங்கும் வைத்து மடித்துச் சுடுகிற பாஸ்டிக்குள் கேரட் போடுவது கிட்டத்தட்ட குடும்பத்தை அவமானப்படுத்துவது.

"கேரட்டா? எங்கம்மா இருந்திருந்தா உன்னை வீட்டுக்குள்ளயே விட்டிருக்க மாட்டா!"

"உங்கம்மா சுட்ட பாஸ்டியத்தான் நாய் மோந்து பாத்துட்டுப் போச்சே!"

"எந்த நாய்? பேரைச் சொல்லு பாப்போம்!"

அப்பப்பா! காதைப் பொத்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் ஒன்றுமே நடக்காத மாதிரி மிட்டாயைப் பங்கு போட்டுத் தின்றார்கள்.

அடுத்தது மெர்வின் தொப்பி. அதற்கடுத்தது அவன் விடுகிற குறட்டை. வலிப்பு மாத்திரை வேளையில்தான் இப்படி ஆகிறதோ என்று பார்த்தேன், இல்லை. பசியோ என்று பிஸ்கட் நீட்டினேன். தின்றுவிட்டுக் கத்தினாள். வெயிலோ என்று துண்டைக் கட்டி ஜன்னலை மறைத்தேன். "எனக்கு வெளிய தெரியணும், எடுடி அதை" என்று என் மேல் பாய்ந்தாள். அவளுக்கென்று ஒரு சின்ன வட்டக் கண்ணாடியைக் தன் பக்கக் கதவுக்கு வெளியே நீட்டியிருக்கிற கண்ணாடியின் மேல் ஒட்டி வைத்திருந்தாள். அதில் முகம் பார்த்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன். இந்த வயசில் இவ்வளவு அலங்காரமா என்றுகூடத் தோன்றியது.

மூன்றாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. அண்ணி மெர்வின் சாக்ஸ் நாற்றத்தைப் பற்றி ஆரம்பித்தாள்.

"அண்ணி, போதும்! அந்த மனுஷன் ஏற்கெனவே பயந்து பயந்து ஓட்டிட்டு வரான். நீங்க கொஞ்சம் வாயை மூடிட்டு வரக் கூடாதா?"

அண்ணி அப்படியே வாயடைத்துப் போனாள். காருக்குள் சத்தமே இல்லை. அப்போதுதான் பின்னாலிருந்து அந்த இரைச்சல் கேட்டது. ரோட் ட்ரெய்ன். அது எங்களைத் தாண்டத் தாண்ட, கேரவன் பின்னால் இடமும் வலமும் ஆடியது. மெர்வின் கைகள் ஸ்டீயரிங்கில் மரத்துப் போயிருந்தன. லாரி போன பிறகு தட்டுத்தடுமாறி ஓரச் சரளையில் இறக்கி நிறுத்திவிட்டு, கதவைத் திறந்துகொண்டு புதரைப் பார்க்க நடந்துவிட்டான்.

அண்ணி திரும்பி என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"இப்ப உனக்குத் திருப்தியாடி நோலா?"

"நான் என்ன அண்ணி பண்ணேன்?"

"லாரி பின்னால வர்றது இந்தக் கண்ணாடியில எனக்குத் தெரியும். வர்றப்பல்லாம் அவனுக்குக் கோபத்தைக் கிளப்பி விட்டுருவேன். கோபமா இருக்கறவன் பயப்பட மாட்டான். கை தானா ஓட்டும். லாரி போனதும் விட்டுருவேன். ரெண்டு வருஷமா இப்படித்தான் இழுத்துட்டு வரேன். அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சா பலிக்காது."

நல்லது செய்கிறேன் பேர்வழி என்று நான்தானே கெடுத்தேன்!

மெர்வ் திரும்பி வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"அடுத்த ரோட்ஹவுஸ்ல கேரவனைக் கழட்டி விட்டுறலாம், கிளெனிஸ். என்னால முடியல. டெம்சினுக்கு வேற ஏற்பாடு பண்ணிக்கலாம்."

"வேற என்ன ஏற்பாடு?"

அவன் ஏறி உட்கார்ந்தான். வண்டியைக் கிளப்பினான்.

பெட்ரோல் பங்க்கும் சாப்பாட்டுக் கடையுமாக இருக்கிற அந்த ரோட்ஹவுஸுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். நேர் சாலை, ஒரு வளைவுகூட இல்லை. மெர்வ் பக்கத்துக் கண்ணாடியில் எனக்கே தெரிந்தது, இன்னொரு லாரி, புழுதி படிந்த மூக்கோடு, பெரிதாகிக்கொண்டே வந்தது. அண்ணியைப் பார்த்தேன். அவளும் பார்த்துவிட்டாள். வாயைத் திறந்தாள், மூடினாள். குரல் வரவில்லை. சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் கார் கவிழ்ந்தபோது அந்த சீட்டில் தலைகீழாகத் தொங்கியவள் இவள்தானே என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"கிளெனிஸ்," என்றான் மெர்வ். "பேத்தி பொறந்தா உங்கம்மா பேரை வைக்கச் சொல்லி டெம்சின் காதுல ஓதினியாமே?"

அண்ணி திடுக்கிட்டுத் திரும்பினாள். "என்ன?"

"எட்னாவாம் எட்னா! கிழட்டுப் பசுவுக்கு வைக்கற பேரு!"

"எங்கம்மா பேருக்கு என்னய்யா குறைச்சல்? உங்கப்பா பேரு க்ளாரன்ஸ்! அதை எங்க கொண்டு போய் வைக்கறது, படகுக்கா?"

"படகு முழுகிரும், வேணாம்!"

அது என் அப்பாவும்தான். கோபித்துக்கொள்ள எனக்கு நேரமில்லை. லாரி பக்கத்தில் வந்துவிட்டது. கார் அதிர்ந்தது. கேரவன் லேசாக ஒருமுறை அசைந்து நேரானது. மெர்வ் எட்னாவைத் திட்டிக்கொண்டே ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தான். அண்ணி க்ளாரன்ஸை விடவில்லை. கடைசிப் பெட்டியும் தாண்டியதும், மெர்வ் முன்விளக்கை ஒருமுறை அடித்து, உள்ளே வந்துக்கோ என்று லாரிக்காரனுக்குச் சொன்னான். விபத்துக்குப் பிறகு அவன் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

அண்ணி பாதி வாக்கியத்தில் நிறுத்தினாள்.

"லாரி வந்தது உனக்குத் தெரியுமா?"

"என் பக்கம் கண்ணாடி இல்லையா? நான் என்ன குருடனா?"

"எப்போலேருந்து தெரியும்?"

"நீ ஆரம்பிச்ச முதல் நாள்லேருந்து."

"அப்புறம் எதுக்குய்யா இத்தனை நாளா மாங்கு மாங்குன்னு பதில் பேசிட்டு வந்த?"

மெர்வ் சாலையைப் பார்த்தபடியே சொன்னான்: "நான் பேசாட்டி நீ வெளுத்துப் போய் உக்காந்துடற. அதை என்னால பாக்க முடியல."

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பொறாமைதான், வேறென்ன? தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

ரோட்ஹவுஸ் வந்தது. டீசல் போட்டுக்கொண்டோம். கேரவனைக் கழற்றுகிற பேச்சை மெர்வ் எடுக்கவில்லை. கேரவனோடேயே பெர்த்தைப் பார்க்கக் கிளம்பினோம்.