அப்பா இரவல் வாங்கிய நாற்காலிகள்

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. நினைவு மலருக்கு அவர் பெருமைகளை எழுதித் தரும்படி அண்ணன் கேட்டார். எழுத உட்கார்ந்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா கந்தர்வக்கோட்டை அருகே பிறந்தவர். முந்திரிக்காட்டில் கூலி வேலை பார்த்து எங்கள் இருவரையும் படிக்க வைத்தார். ஏறக்குறைய வாழ்நாள் முழுவதும் கீற்றுக் கூரையின் கீழேதான் வாழ்ந்தார்.

குடிசையில் இருப்பவர்களுக்கு அரசு வீடு கட்டப் பணம் தருவதற்காகக் கணக்கெடுக்க வருகிறார்கள் என்று தெரிந்ததும், அப்பா மண் சுவருக்கு வெள்ளையடித்தார். அடுத்த வீட்டு அத்தையிடம் நான்கு நாற்காலிகளும் ஒரு மின்விசிறியும் இரவல் வாங்கி வைத்தார்.

"கூரை ஒழுகுதாங்கய்யா?" என்று கேட்டார் வந்தவர்.

"ஒரு கொறையும் இல்லைங்க. ஒக்காருங்க, காப்பி சாப்பிட்டுப் போங்க" என்றார் அப்பா.

பட்டியலில் எங்கள் பெயர் இல்லை. நான் அப்பாவோடு சண்டை போட்டேன்.

"வீடு தேடி வந்தவுககிட்ட அழுதுகிட்டு நிக்கச் சொல்றியாத்தா?" என்றார்.

ஏழ்மையைக் காட்டினால்தான் வீடு என்றால் மானமுள்ளவர் எங்கே போய்ப் படுப்பார்? அதிகாரியிடம் கேட்க வேண்டியதை அப்பாவிடம் கேட்டுவிட்டேன். அது இன்னும் என்னைத் தூங்க விடவில்லை.

அடுத்த பட்டியலுக்குப் பல வருடம் காத்திருந்தோம். பெயர் வந்ததும் குடிசையை இடித்துவிட்டு வாடகை வீட்டுக்குப் போனோம். சுவர் ஜன்னலுக்கு மேல் எழுந்தபோது அப்பா படுத்துவிட்டார். வாடகை வீட்டில் உயிர் போனால் வீட்டுக்காரருக்குச் சங்கடம் என்று அப்பாவே சொன்னார்.

"என்னைய நம்ம எடத்துக்குத் தூக்கிட்டுப் போங்க."

கூரையில்லாத சுவர்களுக்கு நடுவே தார்ப்பாய் கட்டிப் படுக்க வைத்தோம்.

மறுநாள் ஓவர்சியர் படமெடுக்க வந்தார். வீடு பெறுபவர் சுவர் முன்னால் நின்றால்தான் அடுத்த கட்டத் தொகை வரும். "வேணாம்மா, பெறகு பாத்துக்கலாம்" என்று அவரே சொன்னார். அப்பா கேட்கவில்லை, சட்டையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். பிடித்திருந்த எங்கள் கைகளை விலக்கிவிட்டு நின்றார். இந்த மலரின் முகப்பில் இருப்பது அந்தப் படம்தான்.

படம் எடுத்து முடிந்ததும் என்னிடம் கேட்டார். "சாருக்கு ஒக்கார நாக்காலி போட்டியாத்தா?"

மூன்றாம் நாள் தார்ப்பாயின் கீழேயே கண்மூடினார்.

நாற்காலி தந்த அத்தைக்கும், அப்பாவைத் தூக்கி வந்த தெருக்காரர்களுக்கும், வீட்டை அம்மா பெயருக்கு மாற்ற எங்களோடு அலைந்த ஓவர்சியருக்கும் நன்றி. வீடு முடிந்துவிட்டது. உங்களுக்காக வெள்ளையடித்து, சொந்தமாக நாற்காலிகளும் வாங்கிப் போட்டிருக்கிறோம். வந்து உட்காருங்கள். காப்பி சாப்பிட்டுப் போங்கள்.

ஒரு குறையும் இல்லை என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை.

இப்படிக்கு,
மகள்