சத்தமாக வாசி

என் மருமகள் ஏழாம் வகுப்பு ஆசிரியை. பள்ளியில் டேப்லெட்டுகள் வந்து இறங்கிய நாளிலிருந்து அவற்றுக்குக் காவல்காரியும் அவள்தான். அடுத்தவன் பாஸ்வேர்டை ஒரு பிள்ளை மனதில் நினைத்தாலே போதும், இவளுக்குக் காது துடிக்கும். பிள்ளைகள் வைத்த பெயர் ‘பூட்டு மிஸ்’. என் போனுக்கு அவள் போட்டுக்கொடுத்த பூட்டை இன்றுவரை என்னால் திறக்க முடியவில்லை.

கூச்சப்படும் பிள்ளைகளுக்கென்று அவளே ஒரு வழக்கம் கொண்டுவந்தாள். வாய்விட்டுச் சொல்ல முடியாததை டேப்லெட்டில் அவளுக்கு மட்டும் எழுதி அனுப்பலாம். கடைசி வரிசையில் ஒரு பெண் உண்டு. அவள் குரலைக் கேட்டவர்களைவிடப் பேயைப் பார்த்தவர்கள் அதிகம். அவளும் எழுதத் தொடங்கினாள்.

“இன்னைக்கு முழுசா ஒரு வரி எழுதியிருக்கா அத்தை!” என்று மருமகள் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் மேலே ஓடிவந்தார்.

பிறகு சுற்றுலாப் பேச்சு வந்தது. ஓர் இரவு வெளியூரில் தங்க வேண்டும். மருமகளின் டேப்லெட்டிலிருந்து வரைபடம் சுவரிலிருந்த பெரிய திரையில் விரிந்திருந்தது.

“எல்லாரும் வரீங்கதானே?”

அந்தப் பெண்ணின் கை மட்டும் எழவில்லை.

“பரவாயில்லம்மா, ஏன்னு எனக்கு மட்டும் எழுது.”

தன் டேப்லெட்டை மேசையில் வைத்துவிட்டு, மருமகள் திரைக்கு முதுகைக் காட்டி நின்று, என்னென்ன எடுத்து வரவேண்டும் என்று சொல்லத் தொடங்கினாள். டேப்லெட்டுக்கும் திரைக்குமான இணைப்பைத் துண்டிக்கவில்லை. துண்டிக்காவிட்டால் வருவதெல்லாம் சுவரில் தெரியும் என்று மற்ற ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளே இவள்தான்.

வகுப்பில் சிரிப்பு கிளம்பியது. வரைபடத்தில் ஏதோ ஊர்ப்பெயரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நினைத்தாள்.

“என்னடா இளிப்பு? எழுந்து சத்தமா வாசி, நாங்களும் சிரிக்கிறோம்.”

முன்வரிசைப் பையன் எழுந்து வாசித்தான்.

“மிஸ், எனக்கு இன்னும் தூக்கத்துல படுக்கை நனைஞ்சிடுது. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

அவள் பாய்ந்து இணைப்பைத் துண்டிப்பதற்குள் யாரோ டேப்லெட்டிலேயே திரையைப் படம் பிடித்துவிட்டார்கள்.

மறுநாள் அந்தப் பெண் வரவில்லை. மருமகள் வீடு தேடிப் போனாள். அம்மா கதவைப் பாதிதான் திறந்தாள்.

“நல்லா நாலு வார்த்தை கேட்டுடணும்னுதான் இருந்தேன் டீச்சர். உங்க மூஞ்சியைப் பார்த்தா அதுவும் வரல.”

உள்ளேயிருந்து ஒரு குரல்: “பரவாயில்ல மிஸ்.”

அந்தப் பெண் மருமகளிடம் வாய் திறந்து பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அந்தப் பெண்ணுக்குப் பள்ளியை மாற்றினார்கள். அவளுக்கு முன்னால் அந்தப் படம் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. இப்போது எந்தப் பள்ளிக்கும் போவதில்லையாம். தலைமையாசிரியரோ, “புதுசா விதிமுறை எழுதணும், உங்களைவிட்டா யாரு?” என்று மருமகளிடமே கேட்டிருக்கிறார்.

மருமகள் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுப் போனில் ஏதோ தட்டுகிறாள், அழிக்கிறாள், மறுபடி தட்டுகிறாள்.

“அனுப்பிடேன்மா,” என்றேன்.

“எதுல பார்ப்பா அத்தை? அப்போ பக்கத்துல யாரு இருப்பாங்க?”

 அவள் மறுபடி அழித்தாள்.