மீனுக்கு வந்த அம்மை

எங்கள் வீட்டில் ஒரு மீனுக்கு அம்மை பார்த்தார்கள் என்றால் இன்றும் யாரும் நம்புவதில்லை. அன்றைக்கு நான் சொன்னதை என் வீட்டிலேயே நம்பவில்லை. ஊரைக் குறை சொல்லி என்ன பயன்?

நான் ஐந்தாவது படிக்கும்போது, கண்ணமங்கலத்தில் கலர் மீன் கடை வைத்திருந்த மாமா ஒரு ஒராண்டா தங்கமீனைத் தண்ணீர்ப் பையில் போட்டு, மலைப்பாதை பஸ்ஸில் அலுங்காமல் ஜமுனாமரத்தூருக்குக் கொண்டுவந்தார். உருண்டை வயிறு, முந்தானை போல் தொங்கும் இரட்டை வால். சீனாவில் கெண்டை இனத்து மீனிலிருந்து பொறுக்கிப் பொறுக்கி உருவாக்கிய சாதியாம். ஜப்பானுக்குப் போனபோது, கப்பலில் வருவதெல்லாம் டச்சுக்காரன் சரக்கு என்று நினைத்து ஹாலந்தை அவர்கள் அழைக்கும் 'ஒராண்டா' என்ற பெயரையே வைத்துவிட்டார்களாம். வளர வளரத் தலையில் சதை பூத்துக் கொண்டை போடும் என்றும் மாமா சொன்னார். அதை நான் மட்டும்தான் காதில் வாங்கினேன்.

"கொழம்புக்கும் ஆவாது. இத இன்னாத்துக்கு வளக்கறது?" என்றாள் அம்மா.

கோடையில் மீனின் தலையில் கொப்புளம் கொப்புளமாகச் சதை எழும்பியது. அம்மா பார்த்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா வந்துக்கிறா."

"அது கொண்டைம்மா! மாமாவக் கேளு!"

"வாய மூடு. ஆத்தா வந்த வூட்ல கத்தக்கூடாது."

அவ்வளவுதான். வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. தாளிப்பு கிடையாது, சந்தை நாளில் கறி கிடையாது, டிவி கிடையாது. அப்பா சாமைச் சோற்றையும் மோரையும் முறைத்துக்கொண்டே சாப்பிட்டார். நோயாளி மட்டும் வாலை ஆட்டிக்கொண்டு வேளை தவறாமல் தின்றது. எனக்கு எரிச்சலில் அழுகையே வந்தது.

கொப்புளம் இறங்கவில்லை, கொண்டை எப்படி இறங்கும்? கடைசியில், தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிடலாம் என்று அம்மா முடிவு செய்தாள். தண்ணீரிலேயே கிடக்கும் மீனுக்குத் தலைக்குத் தண்ணீர்! அண்டாவில் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் காயவைத்தாள். அந்தச் சூட்டுக்கு மீன் தாங்காது. அவள் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்ததும் மீன்தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"ஊத்தினா செத்துடும்மா!"

அம்மா என்னைப் பார்த்தாள், மீனைப் பார்த்தாள். அண்டாவை இறக்கி வைத்தாள். விரல் நுனியில் ஒரே ஒரு சொட்டு எடுத்து மீனின் கொண்டைமேல் வைத்தாள். "பச்சப்புள்ள தாயே, நீதான் பாத்துக்கணும்."

மீனைப் போய்ப் பிள்ளை என்கிறாளே என்று எனக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஊரில் கோழிக்கும் அம்மை வரும்; கூடையைக் கவிழ்த்துத் தனியாகப் போட்டுவிடுவார்கள். கோழிக்காக அம்மா ஒருநாளும் தாளிப்பை நிறுத்தியதில்லை. அந்த விரதமெல்லாம் பெற்ற பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.