சென்னப்பன் நடத்தும் உலகப் போர்

“ஆஸ்திரியாக்காரன் பெரிய வூட்டுக்காரன். செர்பியாக்காரன் பக்கத்துல ரெண்டு ஏக்கர் வச்சிருக்கறவன். அந்தப் பக்கத்துப் பையன் ஒருத்தன் இவங்க இளவரசனைச் சுட்டுட்டான். இவனுக்கு ஜெர்மனி மச்சான், அவனுக்கு ரஷ்யா பங்காளி. ஆயித்து!” என்று கரும்பலகையைத் தட்டுகிறார் சென்னப்பன். முடிந்தது என்பதற்கு அவர் வாயில் கன்னடம்தான் வரும்.

ஓசூரை ஒட்டிய மத்திகிரியில், தகரக் கூரை போட்ட டுடோரியல். பத்தாம் வகுப்பில் கோட்டைவிட்டு, இப்போது ஷிப்ட் முடிந்து கிரீஸ் கையோடு வந்து உட்காரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள்தான் மாணவர்கள். நான் அடுத்த வீட்டில் குடியிருக்கிறேன். மாலையில் காற்றுக்காக வாசலில் நாற்காலி போட்டால், திறந்த கதவு வழியாக உலகப் போர் தானாகக் கண்ணிலும் காதிலும் விழும்.

சென்னப்பனுக்கு ஐம்பது வயது. பழைய ஆலையின் நீலச் சட்டையை இன்னும் போடுகிறார். சட்டைப் பையின் மேல் தைத்திருந்த கம்பெனி பெயரைப் பிரித்து எடுத்துவிட்டார், ஊசித் துளைகள் மட்டும் தெரியும். வரலாறு எம்.ஏ. படித்துவிட்டு வார்ப்பு ஆலையில் மணல் அள்ளப் போனவர். காரணங்களைத் துணைத்தலைப்பு இல்லாமல் எழுதுகிறவனைக் கண்டால் அவருக்கு ஆகாது. “மார்க் போடறவன் உன் மாமனா?” என்பார்.

எந்த நாட்டில் தொடங்கினாலும் தன் ஆலையில்தான் வந்து நிற்பார். அங்கே மெஷின் ஷாப்புக்கு ஒரு யூனியன், வார்ப்புப் பிரிவுக்கு ஒரு யூனியன். ஒரு யூனியன் வேலையை நிறுத்தி வெளியே போனால் மற்றதும் போவது என்று ஒப்பந்தம். ஐந்து வருடம் முன்பு கேன்டீனில் சாம்பார் கொட்டியதற்காக ஒரு சூப்பர்வைசர், மெஷின் ஷாப் தொழிலாளியை அறைந்தார். மதியமே மன்னிப்பும் கேட்டுவிட்டார். அப்படியும் மெஷின் ஷாப் வெளியே போனது.

“செர்பியாவும் முக்கால்வாசி நிபந்தனைக்குத் தலையாட்டுச்சு. யார் கேட்டாங்க? கடைசி நேரத்துல ஜெர்மனி ராஜாவே படையை வேற பக்கம் திருப்பச் சொன்னாரு. ரயிலுக்கெல்லாம் டைம் போட்டாச்சு, முடியாதுன்னுட்டாரு தளபதி. எங்க கதையும் அதேதான். உலையில இரும்பு உருகி நிக்குது. வெளிய வாங்கன்னு ஆர்டர் வந்துச்சு. வந்துட்டோம்.”

உருகிய இரும்பை ஊற்றிவிட்டுத்தான் உலையை விட்டு நகர வேண்டும். வேலைக்குப் புதிதாக வந்தவனுக்கே இது தெரியும். அன்று இரும்பு உலைக்குள்ளேயே உறைந்து, உலை பாழானது. நிர்வாகம் கதவைப் பூட்டி, இயந்திரங்களைக் கர்நாடகப் பக்கம் கொண்டுபோய்விட்டது. “பிரான்ஸுல மார்ன் ஆத்தங்கரையில ஜெர்மன்காரன் மாட்டினது அவங்களுக்குத் திருப்புமுனை. எங்களுக்கு உலை உறைஞ்சது” என்பார். வகுப்பு சிரிக்கும்.

எனக்குச் சிரிப்பு வராது. அந்த ஆர்டர் யாருடையது என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. வார்ப்புப் பிரிவு யூனியனின் செயலாளரே அவர்தான். உலையில் நின்ற கரூர்க்காரர் நல்லுசாமி, “ஊத்திட்டு வந்தர்றனுங்கண்ணா” என்று கேட்டிருக்கிறார். “அவங்க ரோட்டுல நிக்கறாங்க, உனக்கு இரும்பு பெரிசா?” என்று கையைப் பிடித்து இழுத்தவர் இவர். இதை எனக்குச் சொன்னது நல்லுசாமி. மற்றவர்களுக்குக் கணக்கு தீர்த்து அனுப்பிய நிர்வாகம், உலையைப் பாழாக்கியதாகப் பழி போட்டு டிஸ்மிஸ் செய்தது அவரை மட்டும். ஓசூரில் இன்று எந்த ஆலையும் அவரை உள்ளே விடுவதில்லை. சென்னப்பன் வாய் திறந்தால் பழி சென்னப்பன் தலைக்கு மாறும். அதனால் திறக்கவில்லை. ஐரோப்பாவின் அத்தனை மந்திரிகளையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற வாய் அது!

போன வாரம் பாடத்தின் நடுவே நல்லுசாமி டுடோரியல் வாசலில் வந்து நின்றார்.

“அண்ணா, நாளைக்கு சேலம் லேபர் கோர்ட்டுல கடைசி வாய்தா. நீங்கதான் கூப்பிட்டீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லீருங்க. போதுமுங்க.”

“பாடம் நடக்குதுப்பா.”

“அஞ்சு வருசமா நடக்குதுங்கண்ணா.”

முன் வரிசையில் இருந்த சுரேந்தர் எழுந்தான். “மாஸ்டர், அன்னிக்கி ஆர்டர் போட்டது நீங்களா?”

சென்னப்பன் சாக்பீஸை மேசையில் வைத்தார். கைத்தூசியைத் தட்டிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். நல்லுசாமி முகம் மலர்ந்து ஒரு அடி முன்னால் வந்தார். கூடப் போகப் போகிறார் என்றுதான் நானும் நாற்காலியிலிருந்து எழுந்தேன்.

சென்னப்பன் கதவைச் சத்தம் வராமல் சாத்தி, உள்ளே தாழ் போட்டார்.