அப்பாவின் பெல்ட்டில் அம்மாவின் கத்தி

பெல்ட் வாங்கப் போன கடையில் தோல் வாசனை அடித்ததும், உத்திரமேரூர் ஏரிக்குள் இருந்த வேலிக்காத்தான் முள்மரக் காடு ஞாபகம் வந்துவிட்டது. மூன்றாவதோடு பள்ளியை விட்ட நான் இன்று நான்கு விறகு லாரிக்கு முதலாளி. அந்தக் காடுதான் இல்லை. அங்கே இடுப்பில் சொந்தக் கத்தி உள்ளவர்தான் மரம் வெட்டலாம், மற்றவர்கள் முள் சுமக்க வேண்டும். அப்பா இறந்த மாதம், அம்மா சந்தையில் கத்திகளை ஒவ்வொன்றாய் நகத்தால் சுண்டி ஓசை கேட்டு, முழங்கை நீளத்தில் ஒன்றை எடுத்து, அப்பாவின் பெல்ட்டில் புது ஓட்டை போட்டு, சேலைமேல் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"இன்னாம்மே, போலீசு வேலைக்கா போற?" என்று மேஸ்திரி சிரித்தார்.

"வெட்ட வந்துக்கீறேன். மரத்தக் காட்டுண்ணா."

காட்டினார். அவள் வெட்டியதை நான் சுமந்தேன். முன்னால் நடந்த அம்மாதான் என் முதல் முதலாளி; அவள் இடுப்பில் கத்தி ஆடிக்கொண்டே போனது.