குவார்க் குவாரியான கதை

எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதும்போது பிறக்கிற குவார்க் என்ற நுண்துகள்கள் எந்தப் பக்கம் சுழல்கின்றன என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. அதைப் பற்றிப் பேச அம்பாசமுத்திரம் பக்கத்துக் கல்லூரி ஒன்று அழைத்தது. தலைப்பைத் தெளிவாக எழுதித்தான் அனுப்பினேன். பேனர் அடித்தவருக்குக் குவார்க்கைத் தெரியாது, குவாரியைத் தெரியும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் கண்ணில் பட்டது: 'மோதலில் குவாரிகளின் சாய்வு - சிறப்புச் சொற்பொழிவு.'

தலைமை தாங்கியவர் நிஜமாகவே கல்குவாரி முதலாளி. அரங்கத்து மின்விசிறிகள் அவர் உபயம். ஒவ்வொரு இறக்கையிலும் அவர் பெயர்.

"குவாரியில மோதலெல்லாம் கிடையாது வே. எல்லாம் சட்டப்படிதான் நடக்கு" என்று தொடங்கினார். கல்லூரி முதல்வர் முந்திக்கொண்டு கைதட்டினார். பேனரைப் பார்த்து வந்து பின்வரிசைகளை நிறைத்திருந்த, குவாரியை ஒட்டிய ஊர்க்காரர்கள் தட்டவில்லை.

நான் என் பாடத்தைச் சொன்னேன். மெஷினுக்குள் மோத வரும் துகள்களில் எந்தப் பக்கச் சாய்வும் இல்லாவிட்டாலும், இசட் போசான் என்ற துகள் வழியாகப் பிறக்கும் குவார்க்குகள் பெரும்பாலும் இடக்கைச் சுழற்சியோடுதான் வருகின்றன. அந்த இடத்தில் இயற்கை நடுநிலை வகிப்பதில்லை.

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தார்.

"சார், வெடி வச்சு எங்க வீட்டுச் சுவரு விரிஞ்சு கிடக்கு. மனு கொடுத்தா ஆபீசர்மாரு இந்தக் குவாரி அண்ணாச்சி பக்கமே சாயுதாவ. அதுவும் இயற்கைதான்னு சொல்லுதியளா?"

அரங்கம் சிரித்தது. "எதையாவது சொல்லிச் சமாளிங்க சார்" என்று முதல்வர் என் காதில் கெஞ்சினார்.

"இயற்கை சாய்வதில் அதற்கு லாபம் எதுவும் இல்லை அம்மா" என்றேன்.

முதலாளி எழுந்தார். போர்த்திய பொன்னாடையோடு அவர் நடக்க, பின்னாலேயே முதல்வர் ஓடினார். எனக்கு வைத்திருந்த பொன்னாடை பையை விட்டு வெளியே வரவில்லை. மைக்கை யாரோ அணைத்தார்கள்.

ஊர்க்காரர்கள் மட்டும் என்னைச் சுற்றி நின்றார்கள்.

"அந்த மோதுத மெஷினு எங்கன இருக்கு சார்?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"வெளிநாட்டுல. பூமிக்கு அடியில, பெரிய சுரங்கத்துக்குள்ள."

"அடப்பாவமே, அங்கனயும் தோண்டிட்டாவளா!"

ஊர் திரும்ப வேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டு அவரோடு போய் அந்தச் சுவரைப் பார்த்தேன். விரிசலில் என் விரல் நுழைந்தது. அடுத்து அவர்கள் கொடுத்த மனுவில் நானும் கையெழுத்துப் போட்டேன். பதில் இன்னும் வரவில்லை. கல்லூரியும் என்னை மறுபடி அழைக்கவில்லை.