வாழைக்கன்று கட்டிய வண்டி

‘‘ஊதுங்க...’’

போன வாரம் ஆயுத பூஜை. பட்டப்பகல். பெருங்களத்தூர் சிக்னல் தாண்டியதும் என் குட்டி யானையை, அதாவது மினி லாரியை, ஓரங்கட்டச் சொன்னார் எஸ்.ஐ. முகப்பில் இரண்டு வாழைக்கன்று, கண்ணாடியில் சந்தனம், நெற்றி கொள்ளாத மாலை. பின்னால் எங்கள் ஸ்டாண்டு வண்டிகள் இன்னும் ஆறு. மொத்தம் ஏழு மாப்பிள்ளைகள்!

மெஷினை என் வாயருகே நீட்டினார். எனக்குப் பயம். ஏன் இருக்காது? போன வருடம் இதே பூஜை, இதே இடம், இதே எஸ்.ஐ...

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன் நான். விஜயவாடாவில் லாரி கிளீனர், புனேயில் ஓட்டல் சர்வர் என்று சுற்றியதில் நான் வாங்கிய ஒரே சர்ட்டிபிகேட் டிரைவிங் லைசென்ஸ்தான். சோறு போடுவதும் அதுதான். அதை இரண்டு கிளாஸில் கரைக்கப் பார்த்தேன்.

எப்படி? டிரைவர்களுக்குப் புரியும். ஆயுத பூஜை அன்று வண்டியைக் கழுவி, பொட்டு வைத்து, பூசணிக்காய் சுற்றி, நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுக்கி, ஊரை ஒரு ரவுண்டு வர வேண்டும். ரவுண்டு வராத பூஜை பூஜையே இல்லை. எங்கள் ஸ்டாண்டில் நடுவே இன்னொரு சடங்கும் உண்டு — கற்பூரம் அணைந்ததும் ஆளுக்கு இரண்டு கிளாஸ். அப்புறம்தான் சாவி. மற்ற நாளில் குடித்துவிட்டு ஸ்டியரிங்கைத் தொட மாட்டோம். இது சாமி காரியம் ஆயிற்றே!

நம் ஊரில் ஒரு தப்புக்கு மாலை போட்டுவிட்டால் போதும், அது சம்பிரதாயம் ஆகிவிடும்.

மெஷினுக்கு சம்பிரதாயம் தெரியவில்லை. நம்பர் ஏறியது. முன்னால் போன நான் மட்டும் மாட்டினேன்; மற்ற ஆறு பேரும் சந்தில் திரும்பிவிட்டார்கள். கேஸ் போட்டார்கள். வண்டி ஸ்டேஷன் வாசலில் நின்றது — வாழைக்கன்றோடு. நான் நடந்து வீடு போனேன்.

‘‘மெஷின் தப்புன்னு அட்ச்சி வுடு மச்சான். இருமல் டானிக் குட்ச்சேன்னு சொல்லு.’’

யோசனை சொன்னவன் தேவராஜ். ஸ்டாண்டில் எனக்குப் பக்கத்து வண்டி. கிளாஸில் ஊற்றியவனும் அவன்தான்.

கோர்ட்டுக்குப் போனால், எனக்கு முன்னால் நின்ற நாலு பேருமே இருமிக்கொண்டிருந்தார்கள்!

என் முறை வந்தது. ‘‘குடிச்சீங்களா?’’ என்றார் மாஜிஸ்ட்ரேட் அம்மா.

‘‘ஆமாங்க மேடம். ரெண்டு கிளாஸ். ஆயுத பூஜைங்க...’’

‘‘பூஜை வண்டிக்கா, உங்களுக்கா?’’



பத்தாயிரம் அபராதம். ‘‘ஆறு மாசம் வரைக்கும் உள்ளே வைக்கச் சட்டத்துல இடம் இருக்கு. முதல் தடவை, உண்மையைச் சொன்னீங்க, அபராதத்தோட விடறேன். ரெண்டாவது தடவை வந்தா ரெண்டு வருஷம் வரைக்கும் போகும்.’’ பிறகு ஆர்.டி.ஓ. ஆபீஸ் கடிதம் வந்தது — லைசென்ஸ் ஆறு மாதம் சஸ்பெண்ட்.

ஆறு மாதம் என் வண்டியை ஓர் ஆக்டிங் டிரைவர் ஓட்டினார். நான் இடது பக்க சீட்டில். சிங்கப்பெருமாள் கோவில் கம்பெனிகளில் பெட்டி ஏற்றினேன். சிட்லபாக்கம் மாடிகளுக்கு பீரோ சுமந்தேன். தோள் காய்த்தது. மற்றபடி ஒன்றுமில்லை. ‘‘இன்னா ஓனரு, இன்னிக்கும் கிளீனர் டூட்டியா?’’ என்று ஹாரன் அடித்துக்கொண்டே போவான் தேவராஜ்.

லைசென்ஸ் திரும்பி வந்தது. இந்த வருடப் பூஜைக்கு முன்னால் ஸ்டாண்டில் ஒன்றே ஒன்று கேட்டேன். முதலில் ரவுண்டு. திரும்பி வந்து ஏழு சாவியையும் சாமி படத்துக்கு முன்னால் வைத்த பிறகு மற்றதெல்லாம்.

‘‘சடங்க மாத்தாத மச்சான். வண்டிக்கு ஆவாது’’ என்றான் தேவராஜ்.

‘‘போன வருசம் வண்டிக்கு இன்னா ஆச்சு? அது ஸ்டேஷன்ல ஜம்முனு நின்னுகினு இருந்துச்சு. எனக்குத்தான் ஆவல!’’

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிரித்தால் பாதி சம்மதம். மீதிப் பாதி?

அதுதான் மெஷின் முன்னால் என் பயம். நான் குடிக்கவில்லை; எனக்குத் தெரியும். பின்னால் வரும் ஆறு பேரில் யார் எனக்குத் தெரியாமல் ஊற்றிக்கொண்டார்களோ...

ஊதினேன். ஒரு வருடமாக நெஞ்சில் அடைத்திருந்ததை எல்லாம் சேர்த்து ஊதினேன். பூஜ்யம்!

அடுத்த வண்டி. பூஜ்யம். அதற்கடுத்தது. பூஜ்யம். நாலு, ஐந்து, ஆறு... கடைசியில் தேவராஜ். கன்னம் உப்ப ஊதினான். பூஜ்யம்!

பள்ளிக்கூடத்தில் நான் வாங்கிய பூஜ்யங்களுக்கு யாரும் கைதட்டியதில்லை. இதற்கு, பஸ்ஸுக்காக நின்ற கூட்டமே தட்டியது.

எஸ்.ஐ. மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘‘ஏழுமே ஜீரோவா? மெஷின் ரிப்பேரா என்ன?’’

தேவராஜுக்கு வந்ததே கோபம்! ‘‘சார், மெஷின்லாம் கரீக்டாத்தான் கீது. எங்கள நம்புங்க சார்!’’

இருமல் டானிக் பற்றி நான் வாயே திறக்கவில்லை. நல்ல நாளும் அதுவுமாக எதற்கு?